லிபர்ட்டி, பஃபலோ, ஜெஃபர்சன்: பழைய அமெரிக்க நிக்கலில் எதைச் சேர்க்கலாம்?

நிக்கல் என்று அழைக்கப்படும் பழைய அமெரிக்க ஐந்து சென்ட் காசு சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வரிசைகளுக்கு நடுவேதான் தயங்குவார்கள். 1883 முதல் 1912 வரை புழக்கத்துக்கு வந்த லிபர்ட்டி, 1913 முதல் 1938 வரை அடிக்கப்பட்ட பஃபலோ, 1938-ல் தொடங்கிய ஜெஃபர்சன். மூன்றுக்கும் எடை ஐந்து கிராம். ஆனால் ஒரு காசின் விலை எதனால் ஏறுகிறது என்று பார்த்தால், மூன்றுக்கும் கணக்கு வேறு வேறு. முதல் தொகுப்புக்கு நான் லிபர்ட்டியைத்தான் சொல்வேன். அழகில் பஃபலோவை எதுவும் மிஞ்சாது, அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

சார்லஸ் பார்பர் வடிவமைத்த லிபர்ட்டி நிக்கலின் பின்பக்கத்தில் பெரிதாக ரோமன் ஐந்து இருக்கும். 1883-ல் முதலில் வந்தவற்றில் 'சென்ட்ஸ்' என்ற சொல்லே இல்லை. உடனே சிலர் அதற்குத் தங்க முலாம் பூசி, ஐந்து டாலர் பொற்காசு என்று கைமாற்றத் தொடங்கினார்கள். அந்த வருடமே சொல்லைச் சேர்த்து அச்சை மாற்றினார்கள். சொல் இல்லாத காசுதான் அரிது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அதைத்தான் மக்கள் வேடிக்கைக்காக எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் நல்ல நிலையில் இன்றும் நிறையக் கிடைக்கிறது. 'சென்ட்ஸ்' உள்ள 1883 காசுக்குத்தான் விலை கூடுதல்.

முழுத் தொகுப்பு 33 காசுகள். அவற்றில் பையைப் பதம் பார்ப்பவை மூன்றே: 1885, 1886, 1912-எஸ். எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி. 1912-எஸ் அடிக்கப்பட்டது 2,38,000 மட்டும். 1885-லோ ஏறக்குறைய 14.7 லட்சம். ஆனாலும் தேய்ந்த நிலையில் 1885-க்குத்தான் விலை அதிகம். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை பிழைத்தன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

தரம் பார்ப்பதும் இதில் சுலபம். தலையில் உள்ள பட்டையில் 'லிபர்ட்டி' என்ற எழுத்துகள் எத்தனை தெரிகின்றன என்று லென்ஸில் எண்ணினாலே ஓரளவு கிரேடு பிடிபட்டுவிடும். (1913 லிபர்ட்டி என்று உலகில் ஐந்தே காசுகள் உண்டு. அதில் ஒன்று போலி என்று ஒதுக்கப்பட்டு ஒரு வீட்டு அலமாரியில் பல வருடம் கிடந்து, 2013-ல் முப்பது லட்சம் டாலருக்கு மேல் போனது. அதைத் தொகுப்புக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.)

பஃபலோவுக்கு வருவோம். ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசரின் கைவண்ணம்: ஒரு பக்கம் செவ்விந்தியரின் முகம், மறுபக்கம் காட்டெருமை. அமெரிக்கக் காசுகளில் இவ்வளவு உயிரோட்டமான வடிவம் மிகச் சில. ஆனால் சேகரிப்பவருக்கு இதில் ஒரு பெரிய தலைவலி உண்டு. வருடம் தோளின் மேட்டில் புடைத்து நிற்பதால் முதலில் தேய்வது அதுதான். 1913-லேயே காட்டெருமை நின்ற மேட்டை வெட்டிச் சமமாக்கி, 'ஐந்து சென்ட்' எழுத்தைக் கீழே இறக்கிக் காப்பாற்றினார்கள். வருடத்துக்கு அப்படி ஒரு விடிவு கடைசிவரை வரவில்லை. வருடம் அழிந்த காசில் அமிலம் விட்டு எண்ணை மீட்டு விற்பவர்கள் உண்டு. அந்த இடம் வெளிறிச் சொரசொரப்பாகி இருக்கும். அப்படிப்பட்ட காசு தொகுப்பில் காலி இடத்தை நிரப்ப மட்டுமே உதவும், முழு விலை தராதீர்கள்.

கிரேடுக்குக் காட்டெருமையின் கொம்பைப் பார்ப்பார்கள். இதிலும் சிக்கல் இருக்கிறது. 1920-களில் டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அடித்த பல காசுகளில் அச்சு சரியாகப் பதியவில்லை. தேய்மானமே இல்லாத காசிலும் கொம்பு மங்கலாக இருக்கும். அது தேய்வா, பதிவுக் குறையா என்று பிரித்துச் சொல்லக் கண் பழக வேண்டும். 1926-எஸ் மட்டுமே பத்து லட்சத்துக்குக் கீழே அடிக்கப்பட்ட பஃபலோ, 9,70,000. 1937-டி (டி என்பது டென்வரின் குறி) மூன்று கால் காசு வேறு கதை. டென்வரில் அச்சை அதிகமாகத் தேய்த்து மெருகேற்றியதில் ஒரு முன்னங்கால் அழிந்துபோனது. காலைச் சுரண்டி எடுத்த போலிகள் ஏராளம். அசலில் வயிற்றின் கீழிருந்து தரை வரை புடைத்த சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும்.

ஜெஃபர்சன்தான் மூன்றிலும் மலிவு. 1938-ல் நடந்த போட்டியில் ஃபெலிக்ஸ் ஷ்லாக் வென்ற வடிவம். போர்க்கால நிக்கல்கள்தான் இதில் எனக்குப் பிடித்தவை. நிக்கல் உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால், 1942-ன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தார்கள். பின்பக்கத்தில் ஜெஃபர்சனின் வீடான மான்டிசெல்லோ மாளிகை இருக்கும்; அதன் கூரைக்கு மேலே நாணயச்சாலைக் குறியாகப் பெரிய எழுத்து இருந்தால் அதுதான் போர்க்காலக் காசு. ஒரு காசில் 1.75 கிராம் வெள்ளி. பதினொரு காசில் தொகுப்பு முடிந்துவிடும், பள்ளிப் பிள்ளைக்குக்கூட வாங்கித் தரலாம்.

ஆனால் மீதி ஜெஃபர்சன் வரிசையில் விலை, மாளிகைப் படிகளில் போய் ஒளிந்துகொள்கிறது. ஐந்தோ ஆறோ படிகள் உடையாமல் முழுசாகத் தெரிந்தால் 'ஃபுல் ஸ்டெப்ஸ்'. சில வருடங்களில் அதே காசு அதனால் மட்டும் பல மடங்கு விலைக்குப் போகும். புதியவருக்கு இது உகந்த ஆட்டம் இல்லை. 1950-டி வெறும் 26.3 லட்சம்தான், ஜெஃபர்சன்களிலேயே மிகக் குறைவு. ஆனால் செய்தி தெரிந்து ஆளாளுக்கு ரோல் ரோலாகப் பதுக்கியதால், புத்தம்புது நிலையில் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

ஆகவே லிபர்ட்டியில் முப்பது காசுகளைப் பொறுமையாக, தேய்ந்த ஆனால் சுத்தம் செய்யப்படாத நிலையில் வாங்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைத் தொடாதீர்கள். மீதி மூன்றையும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற காசுத் தரச் சோதனை நிறுவனங்கள் சரிபார்த்து முத்திரையிட்ட பெட்டியில் மட்டும் வாங்குங்கள். சாதாரண 1912 காசில் ஓர் எஸ்ஸை ஒட்டி விற்கும் வேலை இன்றும் நடக்கிறது.