சூர்ய கர் மானியம்: மூன்றாவது கிலோவாட்டுக்கு முன் பில்லைப் பாருங்கள்

வீட்டு மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, இலக்கு ஒரு கோடி வீடுகள். வீட்டு மொட்டை மாடிக்கு இதுவரை வந்த மானியங்களில் இதுவே தாராளமானது. 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெண்டர் சொல்கிறார் என்று 3 கிலோவாட் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு வருட இ.பி. பில்லை எடுங்கள். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 480 யூனிட். உங்கள் பில் 500 யூனிட்டைச் சுற்றியே இருந்தால் அதுவே தாராளம். 500ஐத் தாண்டும் வீடுகளுக்குத்தான் லாபம் அதிகம், ஏனென்றால் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான மலிவு விலையும் சேர்த்துப் போய்விடும். நூறு யூனிட்டுக்குள் முடிப்பவர்களுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம். அவர்கள் இந்தச் செலவைத் தொடவே வேண்டாம்.

விண்ணப்பம் தேசிய போர்ட்டலில், இ.பி. இணைப்பு எண்ணை வைத்துப் பதிவதில் தொடங்குகிறது. பிறகு பதிவு பெற்ற வெண்டரைத் தேர்ந்தெடுப்பது, நிறுவுவது, நெட் மீட்டர் (இ.பி. லைனுக்குப் போகும், வரும் மின்சாரம் இரண்டையும் அளப்பது), ஆய்வு, கடைசியில் வங்கி விவரம். தடுமாறும் இடம் பெயர்தான். இணைப்பு இன்னும் அப்பா பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில் என்றால் மானியம் நிற்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள். மானியம் கணக்குக்கு வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். அதுவரை முழுத்தொகையும் உங்கள் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ போகவேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் திட்டத்தின் பெரிய குறை. மானியத்தை முதலிலேயே கழித்துக்கொள்ள வழிசெய்தால் இன்னும் எத்தனையோ வீடுகள் வரும்.

கொட்டேஷனில் 'டி.சி.ஆர். பேனல்' என்று எழுத்தில் இருக்கவேண்டும். அதாவது செல்லும் பேனலும் இந்தியாவில் செய்தவை. மலிவாகக் கிடைக்கும் மற்ற பேனலைப் போட்டால் மானியம் கிடையாது.

மாடியில் 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லா இடம் வேண்டும், பேனல் தெற்கு பார்த்து இருக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டி, தென்னை, கைப்பிடிச் சுவர் மூன்றின் நிழலையும் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நின்று பாருங்கள். பேனல்களைத் தொடராக இணைப்பதால் ஒன்றில் விழும் நிழல் வரிசையின் உற்பத்தியையே இழுத்துவிடும். பேனல் பக்கம், இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரப் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி கேளுங்கள். ஒரே குழியில் முடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

இன்னொன்று, கரண்ட் போனால் இதுவும் நிற்கும். லைனில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இ.பி. லைனோடு இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். பவர் கட்டிலும் விளக்கு எரியவேண்டும் என்றால் பேட்டரியுடன் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்கவேண்டும். அதன் கூடுதல் விலைக்குத் தனி மானியம் இல்லை.