சாட்ஸ்வொர்த் சீருடைக் கடை: கிரேட் ஆர் (முதலாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) பிள்ளைக்கு எடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள இந்தக் கடை வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குத் தோது. சனிக்கிழமை மாலை 4 மணிவரை திறந்திருக்கும். அரைக்கால்சட்டைக்கு முழு எலாஸ்டிக் இடுப்பு. பொத்தானோ கொக்கியோ இல்லாததால் கடைக்குட்டி கழிப்பறையில் தானே இறக்கி ஏற்றிக்கொள்ளும். ஐந்து வயதில் இதைவிட முக்கியம் எதுவுமில்லை. மடிப்பில் 4 செ.மீ. துணி விட்டிருக்கிறார்கள், அடுத்த ஆண்டு பிரித்து இறக்கலாம்.

சட்டையில்தான் குறை. பாலியெஸ்டர் அதிகம், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் கழுத்தோரம் வேர்க்குரு போடும். பருத்தி கூடுதலாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சப்பாத்தைப் பிற்பகலில் அளந்து எடுங்கள். அதற்குள் கால் சற்றுப் பருத்திருக்கும். காலுறையோடு நிற்கவைத்து, விரல் நுனிக்கு முன்னால் 1 செ.மீ. இடம் போதும். இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் குதிகால் வழுக்கிக் கொப்புளம்தான். பெயர்ச்சீட்டை ஒட்டாமல் தைத்துத் தரச் சொல்லுங்கள், ஒட்டியது சலவையில் உரிகிறது.