மாணவர் மனநலக் கேள்வித்தாள்கள்: பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

கல்லூரியில் மனநலத் திட்டம் என்றாலே போஸ்டர் ஒட்டுவார்கள், ஒரு சிறப்புப் பேச்சாளரைக் கூப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அதனால் யாருக்காவது ஏதாவது மாறியதா என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தேடித்தான் எங்கள் மாணவர் நலக் குழு கேள்வித்தாள்களைக் கையில் எடுத்தது. பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

மொத்தக் கல்லூரியின் நிலவரம் பார்க்க இன்றுவரை நான் நம்புவது உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கேள்வித்தாளான டபிள்யூ.எச்.ஓ-5. ஐந்தே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் மனம் உற்சாகமாக இருந்ததா, தூங்கி எழும்போது தெம்பாக இருந்ததா என்று எல்லாமே நல்லதைத்தான் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்; கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு இவ்வளவு என்று வந்துவிடும். 50-க்குக் கீழே போனால் கூடுதலாக விசாரிக்க வேண்டும், 10 புள்ளி மாறினால் பொருட்படுத்த வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. நோயாளிக்கான படிவம் போல் தெரியாததால் மாணவர்கள் தயங்காமல் நிரப்புகிறார்கள். அதுவே பாதி வெற்றி.

பி.எச்.க்யூ-9 வேறு ரகம். 2001-இல் வெளியான, மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகள், அதிகபட்சம் 27. 5, 10, 15, 20 என்று படிப்படியாகத் தீவிரம் கூடும். 12 வாங்கிய மாணவருக்கு மனச்சோர்வு நோய் என்று முத்திரை குத்திவிட முடியாது. ஆலோசகர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதில் ஒன்பதாவது கேள்விதான் கவனிக்க வேண்டியது. செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. பெயரில்லாத ஆன்லைன் சர்வேயில் இதைப் போட்டால், ஒருவர் 'ஆம்' என்று சொல்லியிருப்பார், யார் என்று நமக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை இல்லை. அதனால் பொது சர்வேக்கு அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.க்யூ-8, ஆலோசகர் அறைக்குள் மட்டும் பி.எச்.க்யூ-9 என்று பிரித்துவைத்திருக்கிறோம். படிவத்தை அன்றைக்கே படித்து, அன்றைக்கே அந்த மாணவரிடம் பேச ஆள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிவம் கொடுக்கும் பேச்சே கிடையாது.

எண்களை ஒப்பிடுவதில் சில சிக்கல்கள் உண்டு. செமஸ்டர் தொடக்கத்தையும் தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் தோற்றதாகத்தான் தெரியும். போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். ஆலோசகரிடம் வருபவர்கள் மிக மோசமான நாட்களில்தான் வருகிறார்கள், ஆகவே அடுத்த மாதம் மதிப்பெண் கொஞ்சம் தேறுவது எதுவும் செய்யாமலேயே நடக்கக்கூடியது. படிப்பை விட்டுப் போனவர்கள் இரண்டாவது சர்வேயில் இருக்கவே மாட்டார்கள். சராசரி தானாகவே அழகாகிவிடும்.

நிர்வாகத்துக்கு இதையெல்லாம் விளக்குவது தனி வேலை. "என்ன மேடம், திட்டம் ஆரம்பிச்சதும் பிரச்சனை கூடிடுச்சே?" என்று முதல்வர் கேட்டார். ஆலோசனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. "சார், முன்னாடி வராதவங்க இப்ப வர்றாங்க" என்றேன். அவருக்கு அரை மனதுதான்.

உண்மையில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவை மதிப்பெண்களே அல்ல. நேரம் கேட்ட நாளுக்கும் முதல் சந்திப்புக்கும் நடுவில் எத்தனை நாள், முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள், இந்த இரண்டும்தான். ஆலோசகர் அறை அலுவலக வராந்தாவில் இருந்தது. கட்டணம் கட்ட நிற்கும் வரிசை முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறையை நூலக மாடிக்கு மாற்றி, வகுப்பு முடிந்த பிறகும் நேரம் ஒதுக்கினோம். திரும்ப வருபவர்கள் கூடினார்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் செய்யாததை ஒரு கதவு செய்தது.

பணம் கொடுத்து வாங்கிய மனநிலை பதிவு ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலர் கலராக வரைபடம் வரும். கொஞ்ச நாளில் யாரும் திறப்பதில்லை. இப்போது சாதாரண எக்செல் தாள்தான்.

ரகசியம் காப்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. துறைத் தலைவர்கள் பெயர்ப் பட்டியல் கேட்பார்கள், நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். கொடுப்பதில்லை. ஒரு துறையில் பத்துப் பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அந்தத் துறையின் சராசரியைத் தனியாக வெளியிடுவதுமில்லை. யாருடைய மதிப்பெண் என்று எளிதாக ஊகித்துவிடலாம்.

அப்புறம், சர்வே நிரப்பிய மாணவர்கள் "அதுக்கப்புறம் என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதானே? இப்போதெல்லாம் முடிவுகளையும், அவற்றை வைத்து என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். தேதி தாண்டினால் யாராவது பேனாவால் பெரிய கேள்விக்குறி போட்டுவிட்டுப் போகிறார்கள். அதைக் கிழிக்க வேண்டாம் என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.