சட்ட உதவியில் கிடைத்த பாரிஸ்டர்: வேலைக்கு ஐந்து நட்சத்திரம், கூலிக்கு ஒன்று

தம்பி மீது போட்ட அடிதடி வழக்கு லண்டனில் ஒரு கிரவுன் கோர்ட்டில் (பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) நடந்தது. காசு கொடுத்து ஆள் பிடிக்க வசதியில்லை. வக்கீல் செலவை அரசு ஏற்கும் சட்ட உதவியில்தான் போனோம். அரசாங்கம் தருகிற பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் வாதாடும் வக்கீல், கடமைக்கு எழுந்து நின்றுவிட்டுப் போவார் என்று சொந்தக்காரர்கள் வெருட்டியிருந்தார்கள்.

வந்தவர் ஓர் இளம்பெண். முதலில் ஒத்துக்கொண்டவரின் வேறொரு வழக்கு இழுபட்டதால், முந்தைய நாள் மாலைதான் வழக்குக் கட்டு இவர் கைக்குப் போயிருந்தது. அப்படியிருந்தும், சிசிடிவி கடிகாரம் கோடைகால நேரத்துக்கு மாற்றப்படவில்லை என்பதை இவர்தான் கண்டுபிடித்தார். படத்தில் தம்பி தெருவுக்குள் வருவது 8.10, உண்மையில் அது 9.10. அடிபாடு எட்டேகாலுக்கே முடிந்துவிட்டது. தம்பியின் ஒய்ஸ்டர் அட்டைப் (லண்டன் பஸ், ரயில் பயண அட்டை) பதிவையும் பக்கத்தில் வைத்துப் பொலிஸ்காரரிடம் சில கேள்விகள்தான் கேட்டார், குரலை உயர்த்தாமலே. விடுதலை.

குறை சொல்வதென்றால் தவணைகளைச் சொல்ல வேண்டும். விசாரணைக்கு வரச்சொல்லி, நாள் முழுக்கக் காக்கவைத்து, இன்று இடமில்லை என்று அனுப்பினார்கள். அதற்கு பாரிஸ்டர் என்ன செய்வார்? விடிய விடியக் கட்டு வாசித்ததற்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது. வழக்கு முடிந்த பிறகுதான் பில் அனுப்பலாம்.

சிக்கன நடவடிக்கை என்று இவர்களின் கட்டணத்தைத்தான் வருடக்கணக்கில் வெட்டினார்கள். முதல் மூன்று வருடத்தில் இருக்கும் குற்றவியல் பாரிஸ்டரின் இடைநிலை வருமானம் (பாதிப்பேருக்கு அதற்கும் குறைவு) ஆண்டுக்கு 12,200 பவுண் என்று பாரிஸ்டர்களின் 2022 வேலைநிறுத்தத்தின்போது சொன்னார்கள். அவர்கள் கேட்டது 25 வீத உயர்வு. குற்றவியல் சட்ட உதவியை ஆராய்ந்த பெல்லமி அறிக்கை 15 வீதத்தைக் குறைந்தபட்சம் என்றுதான் சொன்னது. அரசு அதையே பெரிய மனதாகக் கொடுத்தது. அக்டோபரில் வாக்களித்த பாரிஸ்டர்களில் 57 வீதம் பேர் அரசு தந்ததை ஏற்றுக்கொண்டார்கள், வேலைநிறுத்தம் முடிந்தது. விலைவாசி அந்த 15ஐ விழுங்க அதிக நாள் எடுக்கவில்லை. வெட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இந்தக் கூலிக்கு ஆட்கள் வேறு துறைக்குப் போனால், அடுத்த தம்பிக்குக் கட்டு வாசிக்க யார் இருப்பார்?

விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று: கிரவுன் கோர்ட்டில், செலவுகளைக் கழித்த குடும்ப வருமானம் ஆண்டுக்கு 37,500 பவுணைத் தொட்டால் சட்ட உதவி கிடைக்காது. கணவன் அல்லது மனைவியின் வருமானமும் கணக்கில் வரும். சம்பளச் சீட்டுகளை முதலிலேயே சொலிசிட்டரிடம் (வழக்கைத் தயார்செய்யும் வக்கீல்) கொடுத்துவிடுங்கள்.