ஷாட்ஓவர் எஃப்1: படம் எடுக்கும் முன் ஒரு வெள்ளோட்டம்

ஹெலிகாப்டரில் மாட்டும் இந்த கேமரா கிம்பலை, அதாவது கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கியைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "படம் ஆடாமல் வருமா?" ஆடாமல் வரும். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது படப்பிடிப்புக்கு முந்தின நாள் காலை.

நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனில் ஒரு ஆவணப்படத்துக்காக, ஏஎஸ்350 ஹெலிகாப்டரின் மூக்குக்கு அடியில் இதைப் பொருத்தினோம். கிம்பல் பிறந்த ஊரும் அதுதான். பக்கத்தில் ஓடும் ஷாட்ஓவர் ஆற்றின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

மெக்கானிக் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து முறுக்கும் கருவி) முறுக்கி, அதன்மேல் ஒரு வண்ணக்கோடு இழுத்தார். பறந்து வந்தபின் கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பைலட் எங்கள் எல்லோரையும், லென்ஸ் பையையும்கூட, எடை போட்டார். ஏஎஸ்350-இல் எரிபொருள் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. எரிபொருள் தீரத் தீரப் பாரம் முன்பக்கம் நகரும். மூக்கில் கேமராவும் தொங்கும்போது, தரையிறங்கும் நேரத்தில்தான் முன்பாரம் உச்சத்தில் இருக்கும். அந்தக் கடைசி நிமிடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் என்னைப் பின்சீட்டுக்கு அனுப்பினார். பல வருடமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த எனக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

எஞ்சினை ஓடவிட்டு, கிம்பல், ரெக்கார்டர், வயர்லெஸ் வீடியோ என ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் திசைகாட்டி அசைகிறதா, ரேடியோவில் இரைச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். எங்கள் வயர்லெஸ் பெட்டி இரைந்தது; இடம் மாற்றிக் கட்டினோம். அடுத்து, ஹெலிகாப்டரை ஆள் உயரத்தில் அந்தரத்தில் நிறுத்தி, இடம் வலம் திருப்பிப் பார்த்தார் பைலட். இந்த ஹெலிகாப்டரின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும், அதனால் மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும், வால் விசிறியைக் கட்டுப்படுத்தும் வலது பெடல்தான் அதைப் பிடித்து நிறுத்தும். பக்கக் காற்றில் பெடலில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை.

வாகடிப்பு ஏரிக்கு மேலே வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார். ஒவ்வொரு படியிலும் திரையில் தெரிவதை நான் சொல்ல வேண்டும். ரோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 394 சுற்று, இறக்கைகள் மூன்று. ஒவ்வொரு இறக்கையும் சுற்றுக்கு ஒரு தட்டு என்றால், நொடிக்கு ஏறக்குறைய 20 அதிர்வுத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேகத்தில், முழு ஜூமில், படம் மெல்ல நடுங்கியது. இறங்கிப் பார்த்தால், நாங்கள் கொண்டுபோன லென்ஸைத் தாங்கும் பிடி மயிரிழை தளர்ந்திருந்தது. தவறு எங்களுடையது. அதை இறுக்கி மறுபடி ஏறினோம். இம்முறை கரையில் நின்ற ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொள்வது முழு ஜூமில் தெளிவாகத் தெரிந்தது. ஹெலிகாப்டர் சாய்ந்து திரும்பியபோதும் அடிவானம் மட்டமாகவே நின்றது. கேமராவை ஆறு அச்சில் நிலைப்படுத்துவதன் அருமை அங்கேதான் புரிந்தது.

குறை சொல்வதென்றால், மூக்கில் தொங்கும் எந்தக் கேமராவுக்கும் உள்ளதுதான். தரைக்கு மிக அருகில் தொங்குவதால் கல்லும் புதரும் உள்ள இடத்தில் இறங்க முடியாது. திரையையே பார்த்துக்கொண்டு சுற்றினால் குமட்டும். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பு வேறொரு நாட்டில், வேறொரு குழு இரவோடு இரவாக வேறொரு கிம்பலை மாட்டி, விடிந்ததும் நேராகப் படப்பிடிப்புக்குக் கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே அதிர்வு பைலட்டின் கால்வரை வந்தது. ஒரு ஷாட்கூட எடுக்காமல் திரும்பினோம். அன்று வயிற்றில் ஏறிய பயம் இன்னும் இறங்கவில்லை.

அதனால் வாடகைக்கு எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஹெலிகாப்டரில் அந்தக் கிம்பலை மாட்ட வாங்கிய அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். மாட்டியபின் எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் கேளுங்கள். வெள்ளோட்ட நேரத்தைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு சுற்றும் சேர்த்து 50 நிமிடம் ஆனது. அடுத்த இரண்டு நாள் படப்பிடிப்பிலும் ஒரு போல்ட்டின் கோடுகூட விலகவில்லை.