மின்சார வீட்டுக்கு பேஸ்போர்டு ஹீட்டரா, ஹீட் பம்பா?

கனடாவின் மாண்ட்ரியலில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தில்தான் சூடாகின்றன. சுவரின் அடியில் பொருத்தும் மின்சார ஹீட்டரான பேஸ்போர்டா, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்பா என்ற குழப்பம் அங்கே வீடு வாங்குபவர்கள் பலருக்கும் வரும்.

வாங்கும் செலவு
பேஸ்போர்டு: அறைக்கு ஒன்று, நூறு டாலர் அளவில் முடியும்.
ஹீட் பம்ப்: பொருத்தும் கூலியோடு சில ஆயிரம் டாலர். அரசு மானியம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

மின்கட்டணம்
பேஸ்போர்டு: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம். அதற்கு மேல் எந்த விலையுயர்ந்த மாடலும் தராது. விளம்பரத்தை நம்பிக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.
ஹீட் பம்ப்: வெப்பத்தை உருவாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து இழுத்து வருகிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். குளிர் ஏற ஏற இது குறையும். மைனஸ் 25 டிகிரியில் சாதாரண மாடல்கள் நின்றே போகும். குளிர்ப் பிரதேச மாடல்தான் அங்கே சரி.

பராமரிப்பு
பேஸ்போர்டு: தூசி தட்டினால் போதும், இருபது வருடம் தாராளமாக ஓடும்.
ஹீட் பம்ப்: ஃபில்டர் கழுவ வேண்டும், வீட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டியைப் பனி மூடாமல் உயரத்தில் வைக்க வேண்டும். ஆயுள் சுமார் 15 வருடம். ஆனால் கோடையில் அதுவே ஏசி.

வாடகை வீடு, சின்ன வீடு என்றால் பேஸ்போர்டே போதும். அறைக்கொரு எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டுங்கள். சொந்த வீட்டில் பல வருடம் இருக்கப் போகிறவர்கள் ஹாலில் ஒரு ஹீட் பம்ப் வைக்கலாம். அப்புறம், பழைய பேஸ்போர்டுகளைக் கழற்றிவிடாதீர்கள். ஜனவரிக் கடுங்குளிருக்கு அவை வேண்டும்.