காதுக்கு மட்டும் தெரியும் சூனியக்காரிகள்: ‘மேக்பெத்’ ஒலிநாடகப் பதிவு

சூனியக்காரிகளின் ஆரூடத்தைக் கேட்டபின் தன் மன்னனைக் கொன்று அரியணை ஏறும் ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத்தின் கதை, ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’. அந்த நாடகத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன், ஓரிரு முறை மேடையிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் காதால் மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டது இதுவே முதல் முறை. ஒலிநூல் செயலி ஒன்றில் வாங்கிய இந்தப் பதிவு, பல நடிகர்கள் பங்கேற்ற முழு ஒலிநாடகம். அவருடைய துன்பியல் நாடகங்களில் அளவில் மிகச் சிறியது இதுதான் என்பதால் ஒரே மாலையில் கேட்டு முடித்துவிட்டேன். சூனியக்காரிகள், விருந்துக்கு வரும் ஆவி, காற்றில் மிதக்கும் குறுவாள் என்று கண்ணுக்குத் தோன்றுவதையும் தோன்றாததையும் நம்பியே நடக்கும் ஒரு நாடகத்தைக் கண்ணின் துணையே இல்லாமல் எப்படி நடத்துவார்கள் என்ற ஆவல்தான் என்னை வாங்க வைத்தது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று சூனியக்காரிகளின் குரலிலும் குகைக்குள்ளிருந்து பேசுவது போன்ற எதிரொலியை அளவின்றிக் கலந்து, அதன் மேல் இடியையும் காற்றின் ஊளையையும் ஏற்றியிருக்கிறார்கள். இது தேவையே இல்லை. மற்ற மாந்தர்கள் பெரும்பாலும் மெலிதாய்த் தொடங்கி ஏறும் பத்து அசை வரிகளில் பேசும்போது, இந்தப் பெண்கள் மட்டும் முதல் அசையிலேயே ஓங்கி அடிக்கும் ஏழெட்டு அசை வரிகளில் பேசுகிறார்கள். வந்திருப்பவர்கள் வேறு உலகத்தவர் என்பதை அந்தத் தாளமே சொல்லிவிடும். இரைச்சலால் நேர்ந்த இழப்பும் சிறியதன்று. நல்லது கெட்டது, கெட்டது நல்லது என்று முதற்காட்சியில் அவர்கள் பாடிச் செல்வதை, அவர்களைச் சந்திப்பதற்கு முன்பே மேக்பெத் தன் முதல் வரியில், இத்தனை கெட்டதும் நல்லதுமான ஒரு நாளை நான் கண்டதில்லை என்று தன்னையறியாமல் திருப்பிச் சொல்கிறான். அவன் மனத்துக்கும் அவர்கள் நாவுக்கும் இடையே ஏற்கெனவே ஒரு வழி திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நுட்பமான சான்று நாடகத்தில் இல்லை. இந்தப் பதிவிலோ சூனியக்காரிகளின் அந்த வரி இடிமுழக்கத்தில் கரைந்துபோகிறது. நாடகத்தைப் புதிதாகக் கேட்பவர் அந்த ஒற்றுமையைப் பிடிக்கவே முடியாது.

இதைவிடப் பெரிய மனக்குறை, மாலுமியின் மனைவி பற்றிய பகுதியை வெட்டியது. அவள் மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்த செஸ்ட்நட் கொட்டைகளைக் கேட்டுத் துரத்தப்பட்ட முதல் சூனியக்காரி, அலெப்போவுக்குக் கடலோடிய அவளுடைய கணவனைப் பழிவாங்கச் சல்லடையில் ஏறிச் செல்வேன் என்கிறாள். அவனுடைய தூக்கத்தைப் பறிப்பாளாம், உடலை வற்ற வைப்பாளாம். ஆனால் கப்பலை மூழ்கடிக்க முடியாது, புயலில் அலைக்கழிக்க மட்டுமே முடியும் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். அவர்களுடைய ஆற்றலின் எல்லை நாடகத்தில் குறிக்கப்படுவது இங்கேதான். மேக்பெத்திடம் அவர்கள் அரசனாவாய் என்கிறார்களே தவிர, மன்னன் டங்கனைக் கொல் என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. மாலுமியின் கதையைக் கேட்டவருக்கு இது உடனே விளங்கும். வெட்டப்பட்ட பதிவைக் கேட்பவருக்கு மேக்பெத் வெறும் கைப்பாவையாகத் தெரிவான்.

வேடிக்கை என்னவென்றால், பதிவின் தொடக்கத்தில் இணைத்திருக்கும் அறிமுக உரை, ஸ்காட்லாந்தில் 1590-91இல் நடந்த நார்த் பெரிக் சூனிய வழக்குகளையும், அதையொட்டி ஆறாம் ஜேம்ஸ் மன்னர் 1597இல் பேயியல் பற்றி நூல் எழுதியதையும், அவரே 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறியதையும் பொறுப்பாக விளக்குகிறது. அந்த வழக்குகளில் பெண்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் சல்லடையில் கடல் கடந்ததும், மன்னரின் கப்பலுக்கு எதிராகப் புயலை எழுப்பியதும் அடங்கும். வரலாற்றை உரையில் வைத்துவிட்டு, அந்த வரலாறு நாடகத்துக்குள் நுழையும் வாசலை அடைத்திருக்கிறார்கள். மாறாக, சூனியக்காரிகளின் தலைவியான ஹெகேட் வரும் காட்சியை நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை; அது அக்கால நாடகாசிரியர் தாமஸ் மிடில்டன் பின்னர் சேர்த்தது என்றே ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள், கேட்பதற்கும் அது ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும்.

நான்காம் அங்கத்தின் கொப்பரைக் காட்சி ஒலிநாடகத்துக்கு உண்மையிலேயே கடினமானது. அங்கே மூன்று தோற்றங்கள் எழுகின்றன: தலைக்கவசம் அணிந்த தலை, இரத்தம் தோய்ந்த குழந்தை, கையில் மரக்கிளை ஏந்திய முடிசூடிய குழந்தை. பெண் ஈன்ற எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்று சொல்வது இரத்தம் தோய்ந்த குழந்தை. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவனும் இறுதியில் மேக்பெத்தைக் கொல்பவனுமான மெக்டஃபின் உருவமே அது என்று கொள்ளலாம். பர்னம் காடு டன்சினேன் குன்றுக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்பது கிளை ஏந்திய குழந்தை. வீரர்களைக் கிளை வெட்டி ஏந்தி வரச் செய்யப்போகும், டங்கனின் மகன் மால்கமின் உருவம். சொல் ஏமாற்றும்போதே காட்சி உண்மையைக் காட்டிவிடுகிறது, மேக்பெத்தோ சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறான். கேட்பவருக்குக் காட்சி இல்லாதபோது குரலாவது அதைச் செய்திருக்க வேண்டும். இங்கே மூன்று தோற்றங்களும் ஒரே கனத்த ஆண்குரலில் முழங்குகின்றன. இரண்டு குழந்தைக் குரல்களைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு சிரமமா என்று தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பதிவை நான் மறுபடியும் கேட்பேன் என்றால் அதற்கு விருந்துக் காட்சியே காரணம். மேக்பெத் ஆளேவிக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவிக்கு நாடகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆவியை மேடையில் காட்டுவதா, வெற்று இருக்கையை மட்டும் வைப்பதா என்பது பழைய வழக்கு. ஆங்கில நடிகர் ஜான் பிலிப் கெம்பிள் 1794இல் ஆவியைக் காட்டாமலேயே நடித்தார். ஒலிநாடகத்தில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. தட்டுகளின் ஓசை, கோப்பையில் மது ஊற்றும் ஓசை, பேச்சு, சிரிப்பு. திடீரென்று மேக்பெத் எவனையோ பார்த்து, அந்த இரத்தம் தோய்ந்த கூந்தலை என்னை நோக்கி அசைக்காதே என்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு கத்தி தட்டில் உரசி நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே ஆவி இருக்கிறதா இல்லையா என்பது விருந்தாளிகளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே நமக்கும் தெரியும். மேடையில் ஆவியைப் பார்த்தபோதெல்லாம் நான் மேக்பெத்தின் பக்கம் இருந்தேன். இம்முறை மேசையின் மறுபக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் அமர்ந்திருந்தவர்களோடு இருந்தேன்.

குறுவாள் காட்சியும் இதே காரணத்தால் நன்றாகவே வந்திருக்கிறது. மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத்தாக நடித்தவர் ஆவிகளை அழைக்கும் பகுதியை ஒலிவாங்கிக்கு மிக அருகில், கிட்டத்தட்ட மூச்சுக்காற்றாகவே பேசியிருக்கிறார். எதிரொலி எதுவும் இன்றி வரும் அந்தக் குரல் மூன்று சூனியக்காரிகளையும்விட அச்சுறுத்துகிறது.

கடைசிச் சண்டையில், தான் பெண் ஈன்றவன் அல்லன் என்பதை மெக்டஃப் வெளிப்படுத்திய பின், வாக்குறுதியைக் காதுக்குக் காப்பாற்றிவிட்டு நம்பிக்கைக்கு முறிக்கும் இந்த மாயப் பேய்களை இனி யாரும் நம்ப வேண்டாம் என்று மேக்பெத் கசந்து சொல்கிறான். அந்த வரிக்கு முன்பு வாள் ஓசை, காற்று, முரசு எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு நொடி மௌனம் விட்டிருக்கிறார்கள். காது என்ற அந்தச் சொல் ஹெட்ஃபோனுக்குள் தனியாக வந்து விழுந்தது.